ஐ.க்யூ 69 இருந்தும் தூக்கு ஏன்?

தேன்மொழி_சட்டம்:
சிங்கப்பூரில் 27.4.2022 அன்று தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கத்தின் ஐ.க்யூ 69. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-லேயே அட்கின்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் அந்த 69 ஏன் எடுபடவில்லை? 70-க்குக் கீழே என்றால் குறைபாடு, மேலே என்றால் இல்லை, அவ்வளவுதானா?

குறுக்கு_விசாரணை:
சிங்கப்பூர் சட்டம் கேட்ட கேள்வியே வேறு. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை. இவர் தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம். 2013-ல் நடைமுறைக்கு வந்த 33பி பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அதைப் பெற, வெறும் கூரியர், அதாவது பொட்டலத்தை எடுத்துச் சென்றவர் மட்டுமே என்று காட்டினால் போதாது. மனநிலையில் கோளாறு இருந்தது, அது பொறுப்புணர்வைக் கணிசமாகக் குறைத்தது என்பதையும் குற்றவாளியே நிரூபிக்க வேண்டும். பொட்டலத்தை மறைத்தார், சோதனையைத் தவிர்க்கப் பார்த்தார், ஆகவே தெரிந்தே செய்தார் என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவுகட்டியது. எனக்கு இது ஏற்கவே முடியாத வாதம். பத்து வயதுப் பிள்ளையும்தான் தப்பு செய்தால் ஒளித்துவைக்கும். அடி விழும் என்ற பயம் வேறு, விளைவை எடைபோடும் திறன் வேறு.

அளவுகோல்:
70 பற்றி. எந்த ஐ.க்யூ தேர்விலும் ஏறக்குறைய 5 புள்ளி முன்பின் பிழை இருக்கும். 71 என்றால் 66 முதல் 76 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முன்பு 70-க்கு ஒரு புள்ளி கூடினாலும் வேறு சாட்சியமே எடுக்க மாட்டார்கள். அங்கே மரண தண்டனை பெற்ற ஹால் என்பவரின் மதிப்பெண் 71. அந்தக் கறார்க் கோடு செல்லாது என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. தேர்வு பழையதா என்றும் பாருங்கள்: தரப்படுத்தி பத்தாண்டு ஆனால் மதிப்பெண் சுமார் 3 புள்ளி ஊதிக் காட்டும்.

எண்ணோடு இன்னும் இரண்டு வேண்டும்: அன்றாட வாழ்க்கைத் திறன்களில் குறை, அது சிறுவயதிலேயே தொடங்கியதற்கு ஆதாரம். டெக்சஸில் மரண தண்டனை பெற்ற மூர் என்பவருக்கு 13 வயதிலும் கிழமை, மாதம் பிடிபடவில்லை. மணி பார்க்கத் தடுமாறினார். கீழ் நீதிமன்றமோ அவர் புல் வெட்டிச் சம்பாதித்ததைப் பிடித்துக்கொண்டது. செய்ய முடிந்ததை வைத்து முடியாததை அழிக்கக் கூடாது என்று 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருத்தியது.

சாட்சிக்கூண்டு:
ஒப்புதல் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் 'ஆமாம்' போட்டுவிடுவார்கள். வர்ஜீனியாவில் ஏர்ல் வாஷிங்டன் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்டவர் கறுப்பினப் பெண் என்றார், அவர் வெள்ளையினத்தவர். இரண்டு மூன்று குத்து என்றார், உடலில் 38. அப்படியும் மரண தண்டனை. 1985-ல் தண்டனை நிறைவேற்றக் குறித்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பு நிறுத்தப்பட்டது, டி.என்.ஏ சோதனைக்குப் பிறகு 2000-ல் மன்னிப்பு கிடைத்தது.

நம் நாட்டு வழக்குக்கு: இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2022 மனோஜ் தீர்ப்பின்படி மனநல, உளவியல் மதிப்பீட்டை விசாரணை நீதிமன்றத்திலேயே கேட்டு வாங்குங்கள். பள்ளிப் பதிவேடு, மாற்றுத்திறனாளி அட்டை, அக்கா தம்பி, பழைய ஆசிரியர் வாக்குமூலம் எல்லாம் அப்போதே திரட்ட வேண்டும். சிறையில் ஒழுங்காக இருக்கிறார் என்ற அறிக்கையை நம்பாதீர்கள். அங்கே எழுவது முதல் சாப்பிடுவது வரை எல்லாவற்றையும் மணி அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். கட்சிக்காரரிடம் "புரிந்ததா?" என்று கேட்காமல், "நான் சொன்னதை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.