ஆடித் தள்ளுபடி, பாதி விலை, செய்கூலி இல்லை: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரி

ஆடி பிறந்தால் ஊரெல்லாம் தள்ளுபடிப் பலகை ஏறிவிடும். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புதுசாக எதையும் தொடங்க மாட்டார்கள். வியாபாரம் மந்தமாகிவிடும். தேங்கிய சரக்கை விற்றுவிட்டுத் தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண வேண்டும். இந்தக் காரணம் உண்மையானதுதான். நல்ல சேலை குறைந்த விலைக்குக் கிடைக்கிற மாதமும் இதுதான். ஆனால் தள்ளுபடிக்கென்றே தனியாக ஒரு சரக்கு வருகிறது, அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

நான் ஒரு துணிக்கடையில் சில வருடங்கள் பில் போட்டிருக்கிறேன். ஆனி கடைசியில் சூரத்திலிருந்து சிந்தெடிக் சேலைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். 600 ரூபாய்க்கு விற்கப்போகும் சேலைக்கு 1,200 என்று விலைச்சீட்டு அடித்து, அதன் மேல் 50 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைப்பார்கள். அந்தச் சேலை ஒரு நாள்கூட 1,200-க்கு விற்றதில்லை. வாங்குகிறவர் 600 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்துச் சந்தோஷமாகப் போவார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சரக்கைப் பார்த்தால் தெரியும். உண்மையான மிச்சச் சரக்கில் ஒரு நிறத்தில் ஒன்று, இரண்டுதான் இருக்கும். மடிப்பு ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கும். ரவிக்கை, சட்டை என்றால் நடுத்தர அளவு தீர்ந்துபோய் ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரியதும் கிடக்கும். ஒரே சேலை எல்லா நிறத்திலும் புத்தம் புதுசாக அடுக்கடுக்காக இருந்தால் அது மிச்சச் சரக்கு இல்லை, தள்ளுபடிக்காகவே வரவழைத்தது. அப்போது சீட்டில் இருக்கும் பெரிய எண்ணை மறந்துவிட்டு, 600 ரூபாய்க்கு இந்தத் துணி தகுமா என்று மட்டும் பாருங்கள். தகும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அரசுக் கைத்தறிக் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குத் தரும் 30 சதவீதத்தை நான் நம்புகிறேன். வருடம் முழுக்க அதே விலைச்சீட்டோடு அந்தச் சேலை அங்கே தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோமே.

நகை, பாத்திரம், போன் என்று மற்றதில் உங்கள் அனுபவம் என்ன? எழுதுங்கள்.

பட்டறைப் பிள்ளை

அக்கா, நகை பற்றி நான் சொல்கிறேன். கோவையில் எங்கள் அப்பாவுக்கு நகைப் பட்டறை. கடை விளம்பரத்தில் வருகிற ஒவ்வொரு வரியையும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான்.

போன மாதம் சித்தி பெண்ணுக்குச் சங்கிலி எடுக்கப் போனோம். இரண்டு பவுன், அதாவது 16 கிராம். ஒரு கடையில் பெரிய பலகை: "சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி". பக்கத்துக் கடையில் பலகையே இல்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லாத கடையில் சேதாரம் 12 சதவீதம், 19,200 ரூபாய். பலகை வைத்த கடையில் சேதாரம் 24 சதவீதம், அதில் பாதி தள்ளுபடி, அதுவும் 19,200 ரூபாய். இரண்டு கடையிலும் ஜிஎஸ்டிக்கு முன் 1,79,200. மேலே 3 சதவீத வரியைச் சேர்த்தால் 1,84,576. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் கூட்டம் முழுக்கப் பலகை வைத்த கடையில்தான்.

சேதாரம் என்பது நகை செய்யும்போது அறுத்து, ராவி, மெருகு போடுவதில் தங்கம் வீணாவதற்கு வைக்கும் கணக்கு. பட்டறையில் அந்தத் தூளைக் கூட்டிச் சேர்த்து உருக்கி எடுத்துவிடுவோம். மெஷினில் செய்த சங்கிலியில் வீணாவதே குறைவு. ஆகவே 24 என்று ஒரு கடை தொடங்கினால் அது அவர்களாக வைத்த எண். பேரம் பேச இடமிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

"கிராமுக்கு 100 ரூபாய் குறைவு" என்றும் ஒரு விளம்பரம் வரும். கேட்கப் பெரிதாக இருக்கும். மேலே சொன்ன விலையில் அது சேதாரத்தில் வெறும் ஒரு சதவீதத்துக்குச் சமம். சேதாரத்தை இரண்டு சதவீதம் ஏற்றிவிட்டு இந்த நூறைக் கொடுத்தால் நமக்கு நஷ்டம்தான். அதே மாதிரி "செய்கூலி இல்லை" என்றால் சேதாரத்தைப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கூட்டு மதிப்பு என்றோ வேறு பெயரிலோ பில்லில் ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது கல் எடைதான். ஒரு ஜிமிக்கி மொத்தம் 10 கிராம், அதில் கல் 1.2 கிராம் என்று வையுங்கள். மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால் கண்ணாடிக் கல்லுக்கு 12,000 ரூபாய் தருகிறோம். சில இடங்களில் அதற்கு மேல் கல்லுக்கென்று தனியாகவும் ஒரு தொகை போடுவார்கள். ஹால்மார்க் நகை பில்லில் கல் நீக்கிய நிகர எடையும் தூய்மையும் எழுதியிருக்க வேண்டும். எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது நம் உரிமை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி கட்டாயம், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மையத்தில் சோதித்தார்கள், தூய்மை எவ்வளவு என்று கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

சேலம் வாத்தியார்

பழைய மிக்சியைக் கொடுத்தால் 1,500 ரூபாய் கழிவு என்று ஒரு கடையில் எழுதியிருந்தார்கள். வீட்டிலிருந்து மிக்சியைக் கொண்டுபோகாமல், சும்மா விலை கேட்பவர் மாதிரி போனேன். "கடைசி விலை என்னங்க?" என்றேன். பழசு பற்றி நானும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. எம்ஆர்பியிலிருந்து 1,700 குறைத்துச் சொன்னார்கள். அப்புறம் பழைய மிக்சி இருக்கிறது என்றேன். "அந்தச் சலுகை எம்ஆர்பிக்குத்தான் சார்" என்றார்கள். அதாவது பழசைக் கொடுத்தால் 200 ரூபாய் அதிகம், மிக்சியும் போய்விடும். முதலில் விலையை முடியுங்கள், பழசைப் பிறகு பேசுங்கள். இதை என் மாணவர்களின் பெற்றோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மளிகைக் கணக்கு

பெரிய பாக்கெட்தான் லாபம் என்று நாம் நினைப்பது எப்போதும் சரி இல்லை. எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் அரை கிலோ பருப்பு 85 ரூபாய், "குடும்ப பாக்கெட், சிறப்பு விலை" என்று ஒட்டிய ஒரு கிலோ 178 ரூபாய். ஷாம்பு பாட்டிலைவிட சாஷே மில்லிலிட்டர் கணக்கில் மலிவாக இருப்பதை நம் ஊர்ப் பெண்கள் ரொம்ப நாளாகவே கவனித்து வைத்திருக்கிறார்கள். இப்போது பாக்கெட்டிலேயே எம்ஆர்பிக்குப் பக்கத்தில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிடுகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் இரண்டாவதின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இரவுப் பணி

நான் இணையத்தில் வாங்குகிறவன். கோடு போட்டு அடித்த விலையை நான் பார்ப்பதே இல்லை. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. உண்மையில் யாரும் அந்த விலைக்கு விற்றார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 4,999 எம்ஆர்பி போட்ட காதொலிக்கருவி வருடம் முழுக்க 1,299-க்குக் கிடைக்கும். விழா விற்பனையில் "74% தள்ளுபடி" என்று அதே 1,299-க்கே வரும். விலை வரலாறு காட்டும் தளங்களில் அந்தப் பொருளின் இணைப்பைப் போட்டால் ஆறு மாதக் கோடு தெரியும். நான் ஒரு மின்விசிறியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்கு முந்தின வாரங்களில் 2,450-லிருந்து 3,100-க்கு ஏறியது. விற்பனை அன்று "650 ரூபாய் குறைப்பு" என்று 2,450-க்கே திரும்பியது.

"இன்னும் 9 நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரத்துக்கும் பயப்படாதீர்கள். பக்கத்தை மூடிவிட்டு வேறு போனில் திறந்து பாருங்கள். முதலிலிருந்து ஓடினால் அது பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொடுத்த வழிகாட்டுதலில் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. போலி அவசரம், கேட்காமலே கூடையில் காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது, கடைசிப் படியில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் அதில் வருகின்றன.

இன்னொன்று, வட்டியில்லா இஎம்ஐ. சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், 24,000 ரூபாய் போனை ஆறு மாதத்தில் கட்டுகிறோம், வங்கி வட்டி வருடத்துக்கு 16 சதவீதம் என்று வையுங்கள். சுமார் 1,080 ரூபாய் வட்டி வரும், அந்தத் தொகையை நமக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 195 ரூபாய், நம் தலையில்தான். செயல்பாட்டுக் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 430 ரூபாய் கூடுதல். முழுப் பணமும் ஒரே தடவையில் கட்டுகிறேன், அந்த 1,080 ரூபாயை எனக்குக் குறைப்பீர்களா என்று கடைகளில் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் குறைத்தார்கள்.

ஸ்டுட்கார்ட் வாசி

நான் யாழ்ப்பாணம், இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே விலைக்கழிவு என்று போட்டால் கடந்த 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலையையும் சொல்ல வேண்டும். 2022 மே 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அதையும் வளைத்துப் பார்த்தார்கள். ஆல்டி சூட் நிறுவனம் வாழைப்பழத்தை 1.69 யூரோவிலிருந்து 1.29-க்கு, 23 சதவீதம் குறைவு என்று விளம்பரம் செய்தது. 30 நாள் குறைந்த விலையும் அதே 1.29-தான் என்று சின்ன எழுத்தில் கீழே இருந்தது. எங்கள் மாநில நுகர்வோர் மையம் வழக்குப் போட்டது. 2024 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சதவீதத்தையே அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு நான் கடைத் துண்டுப் பிரசுரங்களில் கீழே இருக்கும் சின்ன எழுத்தைத்தான் முதலில் வாசிக்கிறேன். இரவுப் பணி தம்பி, நீங்கள் சொன்ன மின்விசிறி இங்கே 3,100-லிருந்து குறைந்ததாகச் சொல்லி விற்கப்பட முடியாது.

ஈரோட்டுக்காரி

இந்த 30 நாள் விதி நமக்கும் வேண்டும். ஆனியில் வந்து இறங்கும் சேலைக்கட்டுக்கு 1,200 சீட்டு அடிக்க அப்போது ஒருவரும் துணிய மாட்டார்கள்.

மன்றத்துக்குப் போனவர்

ஒரு வணிக வளாகத்தில் செருப்புக் கடை. "40% தள்ளுபடி". 3,000 எம்ஆர்பி, 1,800 ஆக வேண்டும். பில்லில் 1,800-க்கு மேல் வரி தனியாக ஏறியிருந்தது. எம்ஆர்பி என்றாலே எல்லா வரிகளும் உள்ளடக்கம், அந்த விலையில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு மேலே வரி கேட்க முடியாது. வாட் வரி இருந்த காலத்தில் இதே விஷயத்தில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மேலாளரிடம் அமைதியாக அதைச் சொன்னேன். பில்லை ரத்து செய்து 1,800-க்குப் போட்டுக் கொடுத்தார். என் பின்னால் வரிசையில் நின்ற அம்மாவுக்கும் அப்படியே போட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய திருப்தி.

கடையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். விளம்பரப் பலகையைப் போட்டோ எடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பில் இல்லாமல் போனால் மட்டும் ரொம்பச் சிரமம். கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து "ஏற்றுமதி மிச்சம், எது எடுத்தாலும் 200" என்று விற்கிறார்களே, அவர்களிடம் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரி ஆபத்தான பொருள் எதையும் வாங்காதீர்கள். மூன்றாம் நாள் அங்கே கேள்வி கேட்க ஆள் இருக்காது.

மளிகைக் கணக்கு

பட்டறைப் பிள்ளை தம்பி, 11 மாதம் நகைச் சீட்டு கட்டினால் ஒரு மாதத் தவணை இலவசம் என்கிறார்களே, அது எப்படி?

பட்டறைப் பிள்ளை

அக்கா, அதிலும் கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கிறது. முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், அதனால்தான் 11 மாதத்தோடு நிறுத்துகிறார்கள். கொடுக்கும் அந்த ஒரு தவணையைப் பல கடைகளில் ரொக்கமாகத் தருவதில்லை, சேதாரத்தில் கழிப்பார்கள். நாணயம் எடுத்தால் கிடையாது என்றும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மாதா மாதம் கட்டும் பணம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகிறதா, ரூபாயாகவே நிற்கிறதா? ரூபாயாக நின்றால், 11 மாதத்தில் தங்கம் ஏறுகிற ஏற்றம் அந்த இலவசத் தவணையைவிடப் பெரிதாகிவிடலாம். சேரும் முன்பே அட்டையின் பின்பக்கத்தைப் படித்து, கிராம் கணக்குதான் என்று எழுதியிருந்தால் சேருங்கள். வாயால் சொன்னால் வேண்டாம்.