கறுப்பு அக்வாவுக்கு இரண்டரை இலட்சம் கூடுதலா?

குழு: உவர்மலை வீட்டார்

வெள்ளிக்கிழமை

நான் (மாலை 6.48): [படம்] [படம்]

நான்: டொயோட்டா அக்வா, 2016. "எஸ் ஸ்டைல் பிளாக்" என்ற ஸ்பெஷல் எடிஷன். பாலையூற்றில் நிற்கிறது. இங்கே பதிவான பிறகு ஒரே உரிமையாளர்தான். அதே ஆண்டின் சாதாரண அக்வாவைவிட இரண்டரை இலட்சம் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அம்மா: வடிவாக இருக்கிறது. கறுப்பைத் தவிர வேறு நிறம் இல்லையா தம்பி?

அத்தான்: அந்த இரண்டரை இலட்சத்துக்கு என்ன தருகிறாராம்?

நான்: உள்ளே முழுக்கக் கறுப்பு, சீட் துணி வேறு, அலோய் வீல். "இலங்கையில் இது அதிகம் இல்லை, வைத்திருந்தால் விலை ஏறும்" என்கிறார்.

அத்தான்: எஞ்சின்?

நான்: அதே 1.5 லீற்றர் ஹைபிரிட்.

அத்தான்: பற்றரி?

நான்: அதுவும் அதேதான்.

அத்தான்: அப்படியானால் சீட் துணிக்கு இரண்டரை இலட்சம். உப்புவெளிச் சந்தியில் தைப்பவரிடம் கேட்டுச் சொல்லட்டுமா?

வாணி அக்கா: இவர் எதையும் இப்படித்தான் பேசுவார், நீ கணக்கில் எடுக்காதே. ஆனால் தம்பி, லீசிங் கடனுக்கு எங்கள் நிறுவனத்துக்கு வந்தால் என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் பார்ப்பது ஆண்டு, மாதிரி, நிலைமை, ஓடிய தூரம். ஸ்டைல் பிளாக் என்று நீ நூறு தரம் சொன்னாலும் அவர் எழுதுவது அக்வா. கூடுதல் இரண்டரையும் உன் கையிலிருந்துதான் போகும், கடனில் சேராது.

நான்: விற்கும்போது எனக்கும் யாராவது கூடக் கொடுப்பார்கள்தானே?

அத்தான்: உன்னைப்போல ஒருவர் அகப்பட்டால்.

அம்மா: யாராவது வீட்டில் பால்மா இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நான் கடைக்குப் போகிறேன்.

வாணி அக்கா: இருக்கிறது அம்மா.

லண்டன் சித்தப்பா (இரவு 8.15): இப்போதுதான் வேலை முடிந்து பார்க்கிறேன். கஜன், "வைத்திருந்தால் விலை ஏறும்" என்ற வசனத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1978இல் அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் தன் கொர்வெட் காரின் 25ஆவது ஆண்டை ஒட்டி, இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத்தில் முன்னால் ஓடும் காரின் பிரதி என்று கறுப்பும் வெள்ளியுமாக ஒன்றை விற்றது. பட்டியல் விலை 13,653 டொலர். மொத்தம் 6,502 கார்கள். சனங்கள் இரண்டு மடங்குகூடக் கொடுத்து வாங்கினார்கள். பலர் ஓட்டவே இல்லை. சீட்டின் பொலித்தீனைக்கூடக் கழற்றாமல் கராஜில் பூட்டினார்கள். எல்லோரும் ஒரே யோசனையில் பூட்டியதால், குறைந்த தூரம் ஓடிய கார் அதில் அபூர்வமே இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கும் புதிதுபோலவே கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. பணவீக்கத்தைக் கழித்தால் பலருக்கு நட்டம்.

லண்டன் சித்தப்பா: அதற்கு இரண்டு வருடம் முன்னால் கடிலக் எல்டொராடோ. 1976. "அமெரிக்காவின் கடைசித் திறந்த கூரைக் கார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். கடைசி 200 கார்களை வெள்ளை நிறத்தில் ஒரே மாதிரி செய்தார்கள். 1984 மாதிரியில் அதே எல்டொராடோ திறந்த கூரையோடு திரும்பி வந்தது. வாங்கி வைத்தவர்கள் வழக்குக்கூடப் போட்டார்கள்.

நான்: சித்தப்பா, நான் பூட்டி வைக்கப் போவதில்லை. கிண்ணியாவுக்கு வேலைக்குப் போய் வரத்தான் வாங்குகிறேன்.

லண்டன் சித்தப்பா: அப்படியானால் விலை ஏறும் கதையை ஏன் கேட்டுக்கொண்டு நின்றாய்?

வாணி அக்கா: இந்த நாட்டில் காரின் விலையை ஏற்றியது எந்த எடிஷன் பெயரும் இல்லை, அரசாங்க வர்த்தமானி. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் பத்து வருடப் பழைய வெறும் வாகன் ஆர்கூட வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போனது. அதில் ஸ்பெஷல் எடிஷன் எங்கே இருக்கிறது? ஸ்டைல் பிளாக்கும் ஏறியது, டாக்சி ஓடிய அக்வாவும் ஏறியது. அந்த ஏற்றத்தைத்தான் இவர் உனக்குத் தன் காரின் பெருமையாக விற்கிறார்.

அத்தான்: இதற்கு நான் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை.

பெரியப்பா (இரவு 8.52): பிள்ளைகள் எல்லோரும் பேசி முடித்தால் நானும் ஒன்று சொல்வேன்.

வாணி அக்கா: சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: ஸ்பெஷல் எடிஷன் என்றாலே ஏமாற்று என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 முடிவில் மைனர் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. பிரித்தானியாவில் அதற்கு முன்னால் எந்தக் காரும் தொடாதது. அதைக் கொண்டாட 350 கார்களை இளம் ஊதா நிறத்தில், வெள்ளைத் தோல் சீட்டோடு செய்தார்கள். எஞ்சின் அதே 948 சிசி. எல்லாம் நிறம்தான். ஆனால் இன்றைக்கு மைனர் பைத்தியங்களிடம் கேட்டுப் பாருங்கள், அதற்கென்று தனி மரியாதை.

லண்டன் சித்தப்பா: அண்ணா, உங்களுடைய பச்சை மைனருக்கு ஊதா அடித்தால் யாருக்குத் தெரியும்?

பெரியப்பா: சேசி இலக்கத்தில் தெரியும். அந்த 350க்கும் பத்து இலட்சத்திலிருந்து தொடர்ச்சியாக இலக்கம் போட்டிருக்கிறார்கள். நிறத்தை அடிக்கலாம், இலக்கத்தை எங்கே கொண்டுபோய் அடிப்பது? அபூர்வம் என்றால் எத்தனை செய்தார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும், இது அதில் ஒன்று என்று காரிலேயே இருக்க வேண்டும். மகன், உன்னுடைய அக்வாவில் அப்படி ஏதும் உண்டா?

நான்: எத்தனை செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை பெரியப்பா.

லண்டன் சித்தப்பா: சொல்லமாட்டார். ஜப்பான்காரர்களின் வழக்கம் அது. புதிய மாதிரி ஒன்று வந்து இரண்டு மூன்று வருடமாகிக் கேள்வி குறையத் தொடங்கினால், வாடிக்கையாளர் விரும்பும் நாலு பொருளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்து விடுவார்கள். பெரும்பாலும் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்காது. புதிதாக வாங்குபவருக்கு அது நல்ல பேரம்தான், தனித்தனியாகப் போடுவதைவிட மலிவு. பத்து வருடம் கழித்துத் திருகோணமலையில் வாங்குபவருக்கு அந்தப் பேரத்தில் பங்கு இல்லை.

பெரியப்பா: பழைய சேலைக்குக் கரை மாற்றியதுபோல.

அத்தான்: நான் இதற்கு மறுபக்கமும் சொல்கிறேன், இல்லாவிட்டால் கஜன் என்னை எதிரி என்று நினைப்பான். அதே அக்வாவில் "ஜீஸ்" என்று ஒன்று வந்தது. அதில் உடலில் கூடுதல் வெல்டிங் புள்ளிகள் வைத்து, அடியில் வலுச்சட்டம் போட்டு, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி மாற்றினார்கள். வளைவில் திருப்பினால் கை உணரும். அதற்குக் கூடக் கேட்டால் நியாயம் இருக்கிறது. ஆனால் உன்னுடைய ஒழுங்கையில் அது அடிபடாமல் ஏறாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் சித்தப்பா: சரியான பேச்சு. போர்ஷே 911 கரேரா ஆர்எஸ், 1973 மாதிரி. பந்தயத்தில் ஓட அனுமதி வேண்டுமானால் 500 கார்கள் விற்றிருக்க வேண்டும் என்பது விதி. 500 விற்குமா என்று விற்பனைப் பிரிவே பயந்தது. எடையைக் குறைத்து, எஞ்சினை 2.7 லீற்றராக்கிச் செய்தார்கள். 1,580 போனது. இன்றைக்கு அதன் விலையை எழுதினால் அண்ணா தொலைபேசியைக் கீழே போட்டுவிடுவார். அந்தக் காரில் வேறுபாடு பந்தயத்துக்காகப் பிறந்தது, விளம்பரத்துக்காக இல்லை.

நான்: ஜீஸ் வாங்க என்னிடம் பணமும் இல்லை, போர்ஷே பேச்சே வேண்டாம். இந்தக் காரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அத்தான்: இந்தக் காரில் கூடக் கொடுக்கக்கூடிய ஒரேயொரு விடயம் இருக்கலாம். முன்கண்ணாடியின் உள்பக்கம், நடுவில் மேலே, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் கமராப் பெட்டி இருக்கிறதா என்று பார். அது இருந்தால் மோதப் போகும்போது தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள கார். ஹபரணை வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும் ஊரில் அதற்கு விலை இருக்கிறது. மாட்டை அது கண்டுபிடிக்கும் என்று நம்பி ஓட்டிவிடாதே. கண்ணாடி மாற்றியிருந்தால் கமராவைத் திரும்பச் சீர்செய்தார்களா என்றும் கேள்.

நான்: படத்தில் பெட்டி மாதிரி ஒன்று தெரிகிறது.

அத்தான்: மாதிரி வேண்டாம். நேரில் பார்.

அத்தான்: மிச்சக் காசு எங்கே போக வேண்டும் என்றும் சொல்கிறேன். அந்தக் காரின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட், பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டின் பக்கத்தில் காற்று இழுக்கும் துளை. அதில் தூசியும் நாய்முடியும் அடைத்தால் பற்றரி சூடாகிச் சாகும். என்னிடம் வந்த அக்வாக்களில் பாதிக்கு அந்தத் துளை ஒரு நாளும் துப்புரவாக்கப்பட்டதில்லை. எங்கள் கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நிற்கும் கறுப்புக் கார், உள்ளேயும் கறுப்பு, குளிரூட்டி முழுக்க ஓட வேண்டும். யோசித்துப் பார்.

அம்மா: நான் முதலிலேயே நிறத்தைக் கேட்டேன்.

பெரியப்பா: கடற்காற்றையும் சொல்லு. டச்சு விரிகுடாப் பக்கம் நிற்கும் கார்களின் அலோய் வீலைப் பார்த்திருக்கிறாயா மகன்? வெள்ளைப் புள்ளி போட்டுப் பூத்துவிடும். என்னுடைய மைனரின் இரும்பு வீலுக்கு வருடம் ஒரு பூச்சு, கதை முடிந்தது.

அத்தான்: அடியும் பார்க்க வேண்டும். ஜப்பானில் பனி விழும் பக்கத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கிருந்து வந்து இங்கேயும் கடலோரம் நின்றால் இரண்டு உப்பும் ஒரே தகட்டைத் தின்னும்.

நான்: முன் பம்பர் உடைந்தால் ஸ்டைல் பிளாக்குக்கு வேறு எடுக்க வேண்டுமா?

அத்தான்: பம்பர் பிரச்சினை இல்லை, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அக்வா பம்பர் மலையாகக் கிடக்கிறது. கதவின் உள்பக்கத் துணி, சீட் துணி, இந்த எடிஷனுக்கென்று வந்தவை கிழிந்தால்தான் தேடுவாய். தேடிக் கிடைக்காமல் சாதாரணமானதைப் போடுவாய். அன்றைக்கு உன் ஸ்பெஷல் எடிஷன் முடிந்தது.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வாணி அக்கா: என்ன எழுதி நீக்கினாய் தம்பி?

நான்: ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கறுப்பு உள்பக்கம் பிடித்திருக்கிறது அக்கா. அதைத்தான் எழுதினேன். எல்லோரும் இப்படிச் சொன்ன பிறகு எழுத வெட்கமாக இருந்தது.

லண்டன் சித்தப்பா: அதற்கு ஏன் வெட்கம்? நீ சொன்னதிலேயே நேர்மையான காரணம் அதுதான். தினமும் ஏறி உட்காரப் போவது நீ. பிடித்ததற்கு ஐம்பதாயிரம் கொடு, ஒரு இலட்சம் கொடு. முதலீடு என்று மட்டும் சொல்லாதே.

பெரியப்பா: எனக்கும் மைனரின் பச்சை பிடித்துத்தான் வாங்கினேன். உங்கள் பெரியம்மா அதற்கு இன்றுவரை மன்னிப்புத் தரவில்லை.

சனிக்கிழமை

நான் (முற்பகல் 11.20): அத்தானோடு போய்ப் பார்த்தேன். கமரா இருக்கிறது. சேசி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத்தாளையும் (அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலைமையைப் பார்த்து எழுதிய தாள்) இணையத்தில் பணம் கட்டி எடுத்தோம். [படம்]

லண்டன் சித்தப்பா: தரம் 4. பரவாயில்லை. ஸ்டைல் பிளாக் என்று அதில் இருக்கிறதா?

நான்: இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் ஏலப் படத்தில் வேறு வீல். இந்த அலோய் இங்கே போட்டது.

அத்தான்: "எடிஷனோடு வந்தது" என்று அரை மணித்தியாலம் பேசினார். படத்தைக் காட்டியதும் தண்ணீர் குடித்தார். காற்றுத் துளையைக் கழற்றினேன், ஒரு தும்புத்தடி செய்யும் அளவு தூசி. பற்றரியைக் கருவி போட்டுச் சோதித்தேன், கலங்கள் சமமாக இருக்கின்றன. அடியில் பின் பக்கம் கொஞ்சம் துரு, சமாளிக்கலாம்.

வாணி அக்கா: விலை?

நான்: சாதாரண அக்வாவின் விலைக்கு மேல் ஐம்பதாயிரம் என்றேன். அவர் ஒன்றரையில் நின்றார். கிளம்பிவிட்டோம். மட்டிக்களி தாண்டும்போது அழைத்து எண்பதுக்கு வந்தார்.

பெரியப்பா: எழுபத்தைந்து என்று சொல்லியிருக்கலாம்.

நான்: சொன்னேன் பெரியப்பா. வைத்துவிட்டார். திரும்ப நானே அழைத்து எண்பது என்றேன்.

அத்தான்: நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தும் கேட்கவில்லை.

அம்மா: சரி, வாங்கட்டும். பின்னால் ஒரு அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஒன்றாகப் போகுமா?

அத்தான்: போகும் மாமி.

வாணி அக்கா: திங்கட்கிழமை காலை மதிப்பீட்டுக்குக் கொண்டு வரச் சொல். பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், உன் அடையாள அட்டைப் பிரதி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு. முற்பணம் கொடுத்தால் எழுத்தில் வாங்கு.

நான்: பற்றரிச் சோதனைத் தாளையும் கொண்டு வரவா?

வாணி அக்கா: அது எங்களுக்குத் தேவையில்லை. உன் வீட்டில் வைத்திரு.