மெக்கென்சியின் 'ஸ்மித்' கதை நிஜமாகவே நடந்ததா?

இயன்முறை மாணவி:
பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி தன் முதுகுவலி சிகிச்சை முறையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ ஒருவர் குப்புறப் படுத்ததில் இவ்வளவு பெரிய முறை பிறந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிசியோ:
நடந்ததுதான், அவரே சொல்லியிருக்கிறார். 1956, நியூசிலாந்தின் வெலிங்டன். அவருக்கு அப்போது 25 வயது. ஸ்மித் என்று அவர் குறிப்பிடும் நோயாளிக்கு வலப்பக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரை வலி, மூன்று வாரம் வெப்பமும் அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சையும் கொடுத்தும் பலனில்லை. குனிய முடியும், பின்னால் வளையத்தான் முடியாது. அன்று, உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வருகிறேன் என்று அனுப்பியிருக்கிறார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி வைத்திருந்ததை யாரும் இறக்கவில்லை. அந்த மனிதரும் சொன்னது சொன்னபடி, நெஞ்சு மேட்டில் இருக்க, இடுப்பு பின்னோக்கி நன்றாக வளைய, அப்படியே படுத்துவிட்டார்! சில நிமிடம் கழித்து வந்த மெக்கென்சி பதறிப்போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இத்தனை வாரத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, கால்வலி போய்விட்டது என்கிறார். மிச்ச வலி நடு இடுப்புக்கு நகர்ந்திருந்தது. மறுநாள் மறுபடி அதே நிலையில் படுக்கவைத்தார், அதுவும் போனது.

கெண்டைக்கால்:
கட்டில் தூக்கியிருந்தது தற்செயல், சரி. ஆனால் பின்னால் வளைந்தால் முதுகுக்குக் கெடுதல் என்று பலர் நம்பிய காலம் அது, 1937ல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் சொன்ன குனியும் பயிற்சிகளுக்குத்தான் மதிப்பு. அப்போது மறுநாளும் அதே நிலையில் படுக்கவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்குக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும். குப்புறப் படுத்து, இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தளர விட்டு நெஞ்சை மட்டும் எழுப்பச் சொன்னார் என் பிசியோ. எட்டோ ஒன்பதோ தடவை செய்திருப்பேன், வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியது, இடுப்பில் கொஞ்சம் கூடவும் செய்தது. நான் பயந்துபோய் நிறுத்த, அவர் நல்லது, தொடருங்கள் என்றார்.

பழைய பிசியோ:
அதுதான் சென்ட்ரலைசேஷன், காலுக்கு இறங்கிய வலி முதுகின் மையத்தை நோக்கி ஏறுவது. ஆனால் மெக்கென்சி முறை என்றாலே பின்னால் வளைவது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். சிலருக்குக் குனிந்தால் குறையும், சிலருக்குப் பக்கவாட்டில். எந்தத் திசையில் திரும்பத் திரும்ப அசைத்தால் வலி மையத்துக்கு வருகிறது என்று பார்ப்பதுதான் முறையே. காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கால் வலுவிழந்தாலோ உடனே டாக்டர்தான், பயிற்சியெல்லாம் அப்புறம். மெக்கென்சியிடம் எனக்கு மிகவும் பிடித்தது, நோயாளி தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம். அதற்காகவே 1980ல் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு சிறு புத்தகம் எழுதினார். 2013ல் காலமானார்.

இயன்முறை மாணவி:
மிக்க நன்றி. கழுத்துக்கும் இதேதானா?

பழைய பிசியோ:
ஆமாம், வலி கைக்கு இறங்குகிறதா, கழுத்துக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். தோள்பட்டை வலி என்று வருகிறவர்களுக்கும் முதலில் கழுத்தைச் சோதித்துவிடுங்கள்.