எய்ட்ஸ் வந்த காலத்தைப் பார்த்தவங்க பேச்சைப் பதிவு செய்ய வழி சொல்லுங்க

சங்ககிரிக்காரன்:
1990களில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி ஓட்டினவங்க, கிளீனர்கள், அவங்க வீட்டுப் பொம்பளைங்க, அப்ப வார்டு பார்த்த நர்சுகள் எல்லாருக்கும் வயசாகுதுங்க. இப்பவே ஒலிப்பதிவு பண்ணி வெக்கோணும். ஆனா யாருக்கும் வருஷம் சரியா ஞாபகம் வர்றதில்ல. அதை எப்படிப் பிடிக்கறது? பேரை மறைச்சாப் போதுமா?

மருந்துச்சீட்டு:
வருஷத்தை விடுங்க, மாத்திரையைக் கேளுங்க. சென்னையில முதல்ல இந்த எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடிச்சது 1986. அரசு கூட்டு மருந்தை (கிருமியை அடக்கற பல மருந்து சேர்ந்தது) இலவசமாக் குடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல் 1. அதனால "காசு குடுத்து வாங்கினீங்களா, சும்மா குடுத்தாங்களா?"ன்னு கேட்டாலே பாதிக் காலம் தெரிஞ்சிரும். அந்த மருந்துகள்ல ஒண்ணான நெவிரபின் முதல் 14 நாள் தினம் ஒண்ணு, அப்பறம் ரெண்டுன்னு சொன்னா அது சரியான ஞாபகம். எடுத்ததும் முழு அளவு குடுத்தா உடம்பெல்லாம் தடிப்பு வர்றதும் ஈரல் கெடறதும் அதிகம்.

கன்னம் ஒட்டிப்போச்சு, பாதம் எரிஞ்சுதுன்னா உடனே "நோய் முத்திருச்சு"ன்னு எழுதிப்போடாதீங்க. அது அப்பக் குடுத்த ஸ்டாவுடின்ங்கற எச்.ஐ.வி. மாத்திரையோட வேலையாவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமே 2009ல அதைக் கைவிடச் சொல்லிருச்சு. மருந்தால தேறினவரோட முகத்தைப் பார்த்து ஊர் என்ன பேசுச்சுன்னு கட்டாயம் கேளுங்க.

"மாத்திரை தராமத் திருப்பி அனுப்பிட்டாங்க"ன்னு நெறையப் பேர் சொல்லுவாங்க. ஆரம்பத்துல சிடி4 (நோயை எதிர்க்கற ரத்த அணு) எண்ணிக்கை 200க்குக் கீழ வந்தாத்தான் பெரும்பாலும் மருந்து; எண்ணிக்கை பார்க்காம எல்லாருக்கும்னு ஆனது 2017. பழைய ஆஸ்பத்திரி அட்டை இருந்தா அந்த எண்ணிக்கையையும் தேதியையும் குறிச்சுக்குங்க. அந்த ஒரு துண்டு அட்டை, பத்துப் பேச்சுக்குச் சமம்.

தறிச்சத்தம்:
பேர் மட்டும் மறைச்சாப் பத்தாதுங்க. நம்ம பக்கம் கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வக் கோயில், தோட்டத்துப் பேர், இதுல ரெண்டு தெரிஞ்சாப் போதும், ஆளைச் சொல்லிருவாங்க. லாரி நம்பர், பட்டறைப் பேரும் அப்படித்தான். 2018 செப்டம்பர் 10ல நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருத்தருக்கு இருக்கறதை வெளிய சொல்ல அவரோட எழுத்துச் சம்மதம் வேணும். பதிவு பண்ண ஒண்ணு, வெளியிட ஒண்ணுன்னு தனித்தனியா வாங்குங்க. பேச்சு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க. அழுது முடிச்ச கையோட குடுக்கற சம்மதத்தை நம்பக்கூடாது.

போனை விமானப் பயன்முறையில போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெச்சு, வேவ் கோப்பா (சுருக்காத ஒலிக்கோப்பு) எடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம்னா மணிக்குச் சுமார் 345 எம்.பி. வாட்ஸ்அப்ல அனுப்பவே அனுப்பாதீங்க, எங்கெங்க நகல் போகுதுன்னு புடிக்க முடியாது. தறி ஓடற வீடா இருந்தா மின்தடை நாள் பாருங்க.

வேலூர் ரோடு:
"எப்படி வந்துச்சு?"ன்னு முதல்ல கேட்டாப் பேச்சு அங்கயே நின்னு போயிரும். "முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, கூட யாரு வந்தாங்க?"ன்னு ஆரம்பிங்க. டிரைவர்கிட்ட மட்டும் நிறுத்திக்காதீங்க, ரத்தம் ஏத்தினது வழியாவும் கிருமி வந்திருக்கலாம். காசு வாங்கிட்டு ரத்தம் குடுக்கறதைத் தடை பண்ணினதே 1998 ஜனவரி 1லதான். அதுக்கு முன்ன பிரசவத்துலயோ ஆபரேஷன்லயோ ரத்தம் ஏத்தினாங்களான்னு பொம்பளைங்ககிட்ட மெதுவாக் கேளுங்க. மாமியார் வீட்டுல வெச்சுக் கேக்காதீங்க.