மறு: கலைச்சொல்: 'வாயிலுரை'யா, 'சார்புரை'யா?

அனுப்புநர்: கோலாலம்பூர், வரி ஆலோசனைத் துறை

ஆசிரியர் ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

அரசு முடிவெடுப்பவரிடம் ஒரு தரப்புக்காகப் பேசுவதை ஆங்கிலத்தில் 'லாபியிங்' (lobbying) என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'ஆதரவு திரட்டல்', 'செல்வாக்குச் செலுத்தல்', ஐயா முன்வைத்த 'வாயிலுரை' ஆகிய மூன்றும் மிஞ்சி நிற்கின்றன. 'லாபி' என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போகலாம்தான். ஆனால் நம் ஊரில் லாபி என்றால் ஹோட்டலின் முகப்புக் கூடம். 'அமைச்சரிடம் லாபி செய்தார்கள்' என்று படிப்பவருக்கு ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்பது மட்டும் புரியும். யார், யாருக்காக, எதைக் கேட்டார்கள் என்பது அந்தச் சொல்லில் ஒட்டவே ஒட்டாது.

எங்கள் நிறுவனத்தின் நடத்தை நெறியைத் தமிழில் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அரசியல்வாதிகளோடும் கொள்கை வகுப்போரோடும் எப்படிப் பழகவேண்டும் என்ற பகுதியில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தியைக்கூட நகர்த்த முடியவில்லை.

'ஆதரவு திரட்டல்' நமக்கு உதவாது. தேர்தலில் வாக்குக் கேட்பதும், தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்குக் கையெழுத்து வாங்குவதும் ஆதரவு திரட்டல்தானே. 'செல்வாக்குச் செலுத்தல்' விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதியமைச்சு கருத்துக் கேட்கிறது. தொழில்முறை அமைப்புகள் மகஜர் அளிக்கின்றன. மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடமிருந்து தொடங்கியது. அது படிப்படியாகச் சிறு வணிகர்வரை இறங்கி வரும்போது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியின் துணிக்கடைக்காரர் எப்படித் தாங்குவார் என்பது அவருடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய கணக்காளருக்குத்தான் தெரியும். அந்தக் கணக்காளர் வாயைத் திறக்காவிட்டால், மலேசிய அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவில் உள்ளவருக்கு யார் சொல்வது? இந்த வேலையைக் குற்றம்போல ஒலிக்கும் சொல்லால் குறிக்க எனக்கு மனமில்லை.

'வாயிலுரை' அழகான சொல். அகத்திணையில் தலைவனுக்காகத் தூது பேசுகிறவர்களுக்கு 'வாயில்கள்' என்றே பெயர். தொல்காப்பியக் கற்பியல் 12 பேரை எண்ணிக் காட்டுகிறது. அதில் பாணனும் உண்டு. பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்காக வாசலில் வந்து நின்று நயமாகப் பேசும் பாணனைவிடப் பொருத்தமான முன்னோடி இந்தத் தொழிலுக்குக் கிடைக்கமாட்டார். ஆனாலும் இன்றைய வாசகருக்கு 'வாயிலாளர்' என்றால் காவலாளி. 'வாயில் இருந்து வராத உரை எது?' என்று என் அலுவலகத் தோழர் ஒருவர் கேட்டுச் சிரித்துவிட்டார்.

என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் வேறு. பாணன் யார் சோற்றைத் தின்றுவிட்டுப் பேசுகிறான் என்பது தலைவியின் தோழிக்குத் தெரியும். தெரிவதால்தான் அவளால் வாயில் மறுக்க, அதாவது தூதைத் திருப்பி அனுப்ப, முடிகிறது. புத்ராஜெயாவில் இருக்கும் தோழிக்கு அது தெரிவதே இல்லை. ஓர் அமைச்சின் வரவேற்பு மேசையில் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை எண், 'டாரி', 'துஜுவான்', நேரம். எங்கிருந்து வருகிறோம் என்ற 'டாரி' கட்டத்தில் ஆலோசனை நிறுவனத்தின் பெயரை எழுதுகிறோம். நோக்கத்தைக் கேட்கும் 'துஜுவான்' கட்டத்தில் காலையில் வந்த முதல் ஆள் 'மெஷுவாராட்', அதாவது கூட்டம், என்று எழுதியிருப்பார். பின்னால் வருகிறவர்கள் அதன்கீழ் இரண்டு சிறு கோடுகளைக் கிழித்துவிட்டு மின்தூக்கிக்குப் போய்விடுவார்கள். யாருடைய பணத்தில் வந்திருக்கிறோம் என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது. நாம் ஆக்கும் சொல்லுக்குள்ளாவது அந்தக் கட்டம் இருக்கவேண்டும்.

ஆகவே 'சார்புரை' என்று முன்மொழிகிறேன். ஒரு தரப்பின் சார்பில், கொள்கையையோ சட்டத்தையோ முடிவு செய்பவரிடம் எடுத்துரைப்பது சார்புரை. செய்பவர் சார்புரைஞர். வினை, சார்புரைத்தல்.

இதற்கு இணையாக இன்னொரு சொல்லும் வேண்டும். அரசே அழைத்து ஆலோசனை கேட்கும்போது நாம் சொல்வது சார்புரை ஆகாது; அது 'கருத்துரை'. இந்த இரண்டு நாற்காலிகளையும் பிரித்து வைக்காததால் வந்த கேட்டுக்கு ஆஸ்திரேலியா சாட்சி. பன்னாட்டு நிறுவனங்களின் வரித் தவிர்ப்பைத் தடுக்கும் சட்டத்தை அந்நாட்டுக் கருவூலம் வகுத்தபோது, பிடபிள்யுசி (PwC) என்ற கணக்கியல், ஆலோசனை நிறுவனத்தின் பங்காளர் ஒருவர் இரகசியக் காப்பில் கையெழுத்திட்டுக் கருத்துரைக்க அமர்ந்தார். அங்கே அறிந்தது நிறுவனத்துக்குள் பரவியது. அதை வைத்து வாடிக்கையாளர் தேடினார்கள். 2023-இல் விவகாரம் வெடித்ததும் நிறுவனம் தன் அரசு ஆலோசனைப் பிரிவையே ஒரு டாலருக்கு விற்றுவிட நேர்ந்தது. அந்தப் பங்காளர் அமைச்சரின் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. அரசு இழுத்துப் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு வேலைக்கும் ஒரே சொல் இருந்தால் நெறிநூலில் இந்தத் தவற்றை எழுதவே வழியில்லை.

கட்சி நன்கொடை, பதவி விலகிய அதிகாரியை உடனே பணியில் அமர்த்துவது ஆகியவை சொற்பட்டியலில் தனி உள்ளீடுகள். அவற்றுக்கு 'கட்சி நன்கொடை', (பதவி விலகியவர் காத்திருக்கவேண்டிய) 'இடைவெளிக் காலம்' என்று எளிமையாக எழுதினால் போதும்.

---

அனுப்புநர்: பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பாணனைப் புகழ்ந்துவிட்டு என் சொல்லைக் கழுவேற்றிவிட்டீர்கள். போகட்டும்.

'சார்பு' என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு 'ஒருதலைச் சார்பு' நினைவுக்கு வரும். இலக்கணம் படித்தவருக்குச் சார்பெழுத்து, சார்புநூல். சார்புரை என்றால் மூலவுரையைச் சார்ந்து எழுந்த இன்னோர் உரை என்று எண்ணுவார்கள். இதற்கு என்ன விடை? 'பரிந்துரை' என்ற சொல்லை மீட்டால் ஆகாதா? பரிந்து உரைத்தல், ஒருவருக்காக மனம் இரங்கிப் பேசுதல். நீங்கள் தேடும் பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆணையங்களின் அறிக்கைகள் அதைப் பறித்துக்கொண்டது நம் குற்றமா?

இன்னொன்று. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது சிபாரிசு. குடியுரிமைக்கு, கல்லூரி இடத்துக்கு, குத்தகைக்குச் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் ஆதரவுக் கடிதம் வாங்குகிறோம். அதுவும் சார்புரையா? அப்படியானால் பாதிப் பினாங்கு சார்புரைஞர்கள்தாம். தீபாவளிக்குத் தலைவர்கள் எல்லாரையும் வரவேற்கும் திறந்த இல்ல உபசரிப்பில் தட்டோடு நிற்கும் வரிசையை எந்தச் சொல்லில் அடைப்பீர்கள்?

---

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ், தணிக்கையாளர்

ஐயா, எனக்கு இலக்கணம் அவ்வளவாக வராது. சட்ட வாசகத்தில் பொருத்திப் பார்த்தேன், 'சார்புரை' நிற்கிறது. பிரிட்டன் 2014-இல் கொண்டுவந்த சட்டம் வாடிக்கையாளருக்காகப் பேசும் ஆலோசகர்களை மட்டுமே பதிவு செய்யச் சொல்கிறது. சொந்த நிறுவனத்துக்காகப் பேசும் ஊழியருக்கு அது பொருந்தாது. அமெரிக்காவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இரு வகையினரையும் பிடிக்கிறது. 'தன் சார்புரை', 'பிறர் சார்புரை' என்று பிரித்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். 'பரிந்துரை'யை வைத்து எழுதிப் பாருங்கள்: 'பரிந்துரையாளர் பதிவேடு'. வேலைக்கு ஆள் பரிந்துரைப்பவர்களின் பட்டியல் என்றுதான் தோன்றும்.

நம் நாட்டில் அப்படியொரு பதிவேட்டைக் கேட்கும் சட்டம் இல்லை. அதற்காகத் தப்பித்துவிட்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்காகவோ அதன் சார்பிலோ சேவை செய்பவர், நிறுவனத்துக்கு வணிகம் பிடித்துத் தரக் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் ஏறும். கையூட்டின் 10 மடங்கு அல்லது 10 இலட்சம் ரிங்கிட், எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தடுக்கப் போதிய நடைமுறைகள் வைத்திருந்தோம் என்று மெய்ப்பிப்பது நிறுவனத்தின் பாடு. வாடகைக்கு அமர்த்திய சார்புரைஞர் செய்ததும் நம் தலையில்தான் விடியும்.

அரசுக் கடிதங்களின் அடியில் 'பி.பி.' என்று போட்டுக் கையெழுத்திடுவார்களே, மலாயில் 'பாகி பீஹாக்', அந்தப் பொருள்தான் 'சார்பில்'. நம் ஊரில் எல்லாருக்கும் பழகிய ஒன்று.

---

அனுப்புநர்: கோலாலம்பூர், வரி ஆலோசனைத் துறை

நன்றி அக்கா. ஐயாவின் கேள்விகளுக்கு.

ஒருதலைச் சார்பு நினைவுக்கு வந்தால் வரட்டும். ஒரு தரப்புக்காகப் பேசுகிறவரை நடுநிலையாளர் என்று எண்ணிவிடுவதுதான் ஆபத்து. சார்புநூல் குழப்பம் உண்மையானது. இலக்கணத் துறையில் இச்சொல்லுக்கு வேறு பொருள் கொள்ளப்படலாம் என்று துறைக்குறிப்புச் சேர்த்துவிடுவோம்.

ஆதரவுக் கடிதம் திசை மாறியது. அங்கே எழுதுகிறவர் அரசியல்வாதி. அது அவருக்கான நெறியில் வரவேண்டியது, நம் உள்ளீட்டில் வேண்டாம். ஆனால் எங்கள் ஊழியர் வாடிக்கையாளருக்காக அப்படியொரு கடிதத்தைக் கேட்டுப் போனால், போனதே சார்புரை. திறந்த இல்ல உபசரிப்புக்குப் போவது விருந்து. அங்கே மூலைக்கு அழைத்துப்போய் வாடிக்கையாளரின் உரிமம் எந்த மேசையில் கிடக்கிறது என்று விசாரித்தால் சார்புரை. மறுநாள் அலுவலகப் பதிவில் யாரிடம், யாருக்காக, என்ன கேட்டோம் என்று எழுதியாகவேண்டும்.

உள்ளீட்டின் வரைவு இது:

சார்புரை (பெ.): ஒரு தரப்பின் சார்பில், அத்தரப்பு யார் என்பதை வெளிப்படுத்தி, சட்டமோ கொள்கையோ அரசு முடிவோ எடுப்பவரிடம் எடுத்துரைத்தல். வெளிப்படுத்தாமல் செய்வது 'மறை சார்புரை'. ஒப்பு நோக்குக: கருத்துரை.

பழைய வழக்கு என்ற பகுதியில் 'வாயில்' இடம்பெறவேண்டும். ஐயா நான்கு வரிகள் எழுதித் தந்தால் இந்த உள்ளீட்டோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.