செம்புத் தகட்டில் தயோல் படலம் பிடிக்கவில்லை, அவசர உதவி

உப்புவெளிப்பெடியன்:
தண்ணீர் ஒட்டாத படலம் வருவதற்காகச் செம்புத் தகட்டைத் தயோல் (ஒரு நுனியில் கந்தகம் உள்ள கரிமச் சங்கிலிச் சேர்மம்) கரைசலில் 24 மணி நேரம் ஊறப்போட்டும் சரிவரவில்லை. தண்ணீர்த் துளி உருண்டு நிற்காமல் தோசைமா ஊற்றின மாதிரிப் படுத்துவிடுகிறது. தொடுகோணம் (துளியின் ஓரம் தகட்டோடு செய்யும் கோணம்) 70 பாகைகூட இல்லை, 110க்குக் கிட்ட வர வேண்டும் என்றார்கள். புதன்கிழமை மேற்பார்வையாளருக்குக் காட்ட வேண்டும். எங்கே பிழை?

கிண்ணியா_அக்கா:
எந்தத் தயோல் தம்பி? எதில் கரைத்தீர்கள்? எவ்வளவு செறிவு? தகட்டை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் சாத்திரமா பார்க்கிறது?

பரப்புவேதியன்:
செம்பில் தொடங்கியதே பிழை. 1983இல் நுஸோ, அல்லாரா என்ற ஆய்வாளர்கள் தங்கத்தில்தான் கந்தகச் சேர்மங்களைப் படிய வைத்தார்கள். தங்கம் காற்றில் ஒட்சைட்டாகாது, கந்தகம் நேரே உலோகத்தைப் பிடிக்கும், சங்கிலிகள் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து நெருங்கி நிற்கும். சில நிமிடங்களில் பெரும்பகுதி மூடிவிடும், ஒழுங்காக வரிசைப்படத்தான் மணிக்கணக்கு. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

உப்புவெளிப்பெடியன்:
பவுன் விற்கிற விலைக்கு அம்மாவின் தாலிக்கொடியையா கேட்கிறது, சேர்? என்ர வேலையே கடற்காற்றில் செம்பு களிம்பு பிடிக்காமல் காப்பது. டொடெக்கேன்தயோல், எதனோலில், லீற்றருக்கு 1 மில்லிமோல்.

மாதுளைமுத்து:
தாமரை இலையைப் பாருங்கள். பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் துளி உருளும். உப்புத்தாளால் தேயுங்கள், முடிந்தது.

கிண்ணியா_அக்கா:
அது 150 பாகைக்கு மேல் போகிறவர்களுக்கு. இவருக்கு 110தானே வேண்டும், அதற்கு மட்டமான பரப்பில் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிற, தண்ணீரை விரும்பாத மெதைல் நுனிகள் வெளியே பார்த்து நின்றாலே போதும். தம்பி, சுத்தம் செய்த விதத்தை இன்னும் சொல்லவில்லை.

வடசென்னை_வேதி:
பரப்பு கவர்தல், அதாவது மூலக்கூறு பரப்பு மேலே ஒட்டுறது, நடக்க உலோகம் வெறுமையாக இருக்கணும். ஒட்சைட்டு என்ன, ஆக்சைடுன்னு எழுதினா என்ன?

பரப்புவேதியன்:
இங்கே அதைப் புறத்துறிஞ்சல் என்றுதான் படித்தோம். கவர்தல் என்றால் ஏதோ காதல் கதை மாதிரி இருக்கிறது.

வடசென்னை_வேதி:
உறிஞ்சல்னா உள்ளே போறது. மேலே ஒட்டுறதுக்கு அந்தச் சொல்லே பொருந்தாது.

பரப்புவேதியன்:
அதற்குத்தான் முன்னால் ‘புற’ இருக்கிறது. வாசிக்கத் தெரிய வேண்டும்.

கிண்ணியா_அக்கா:
இரண்டு பேரும் வேறு இழை திறவுங்கள். தம்பி?

உப்புவெளிப்பெடியன்:
மன்னிக்கவும், இப்பதான் பார்த்தேன். குத்துவிளக்கு மினுக்குகிற பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தேன், கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ராத்திரி அறை யன்னலில் வைத்துவிட்டுக் காலையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

கிண்ணியா_அக்கா:
அட கோதாரி! அதைத்தானே முதலில் கேட்டேன். பாலிஷ் எண்ணெய்ப்பசை விட்டுவிட்டுப் போகும், அதன் மேல் ஒரு ராத்திரி உப்புக்காற்று. தயோல் ஒட்சைட்டைக் கொஞ்சம் தானே கரைத்துக்கொள்ளும், ஆனால் இவ்வளவையும் தாண்டி வராது. முதலில் அசற்றோனில் கழுவுங்கள். பிறகு செறிந்த அசற்றிக் அமிலத்தில் சில நிமிடம், அது ஒட்சைட்டை எடுக்கும், செம்பை அரிக்காது. எதனோலில் அலசி, நைதரசன் ஊதி, காற்றுப் பட விடாமல் உடனே கரைசலுக்குள். கரைசலிலும் முன்கூட்டியே அரைமணி நேரம் நைதரசன் விடுங்கள். ஆய்வுகூடத்தில் ஆவியை உறிஞ்சி வெளியே விடுகிற புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள், சமையல் கேஸுக்குப் போடுகிற மணமும் இந்தத் தயோல் குடும்பம்தான், அக்கம்பக்கம் சிலிண்டர் ஒழுகுகிறதென்று ஓடி வந்துவிடும்.

மாதுளைமுத்து:
உப்புத்தாளையும் ஒருக்கால் பார்க்கலாமே.

உப்புவெளிப்பெடியன்:
107. அக்கா சொன்னபடி. துளி முத்து மாதிரி நிற்கிறது, சரித்தால் ஓடுகிறது. படம் பிறகு போடுகிறேன்.

வடசென்னை_வேதி:
படம் எங்கப்பா? மூணு வாரம் ஆச்சு.