‘டேப்பிங்’ என்பதற்கு ‘கட்டு’ வேண்டாம்: ‘தாங்குநாடா’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களின் முழங்கால் வலிக்கு இயன்முறை மருத்துவத்தில் நாம் தோல்மேல் நாடா ஒட்டிச் செய்யும் ‘டேப்பிங்’குக்குத் தமிழ்ச் சொல் தேடியதில், உங்களிடமிருந்து இதுவரை கட்டு, பட்டையிடல், பற்று, ஒட்டு, திருத்துநாடா என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தையும் ஒரு வாரம் வாயில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றைப் பற்றியும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

‘கட்டு’ எல்லாருக்கும் புரியும் என்கிறீர்கள். உண்மைதான், நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதினேன். முட்டிச் சில்லைச் சுற்றி வலி என்று வந்த ஓட்டக்காரப் பெண் ஒருத்திக்கு, ‘கட்டுப் போட்டுக்கொண்டு தினமும் பயிற்சி செய்யவும்’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். நான் கொடுத்த நாடா பிரிக்காமல் பையிலேயே இருந்தது. முட்டியில் கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றியிருந்தது. பயிற்சி ஒரு நாள்கூடச் செய்யவில்லை. “கட்டுப் போட்ட காலை அசைக்கலாமா?” என்று அவள் அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. மாவுக்கட்டு, சிம்பு வைத்த கட்டு என்று நம் மொழியில் கட்டு என்றாலே காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான். நாம் நாடா ஒட்டுவதோ வலியைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடைவெளியில் காலை வேலை செய்ய வைக்கத்தான். தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத் தசைகளும் வலுப்பெறுவதே மருந்து, நாடா அதற்குத் துணை. சொல் அதற்கு நேர் எதிராகப் போனால் சிகிச்சையும் அதோடு போய்விடுகிறது.

‘பட்டை’ நல்ல சொல். ஆனால் தொடையின் வெளிப்புறம் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஓடும் திசுவையும் பட்டை என்றுதான் எழுதுகிறோம். ஓட்டக்காரர்களுக்கு வலி வரும் இடங்களில் அதுவும் ஒன்று. ‘பட்டையின் மேல் பட்டை’ என்று எழுத நேரும். ‘ஒட்டு’ என்பதிலும் இதே சிக்கல்: முழங்காலுக்குள் நார் அறுந்தால் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்துகிறார்களே, அதற்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. ‘பற்று’ என்றால் நெற்றியில் சுக்கை அரைத்துப் போடுவதுதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம்.

‘திருத்துநாடா’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜெனி மெக்கானல் 1980களில் கொண்டுவந்த முறையில், காலை நீட்டித் தொடையைத் தளர்த்தி, முதலில் தோலைக் காக்க மெல்லிய வெள்ளை நாடா ஒட்டுவோம். அதன்மேல் விறைப்பான நாடாவைச் சில்லின் வெளி ஓரத்தில் தொடங்கி, கட்டைவிரலால் சில்லை உள்பக்கம் தள்ளியபடியே இழுத்து ஒட்டுவோம். சரியாக இழுத்திருந்தால் முட்டியின் உள்பக்கத் தோலில் சின்னச் சின்ன மடிப்பு விழும். பார்த்தால் சில்லு இடம் மாறிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் ஓடியாடும்போது அது அப்படியே நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. கொஞ்ச காலத்துக்கு வலி குறைகிறது என்பதுதான் நம் கையில் இருப்பது. அதனால்தான் ஒட்டியவுடன் படியிலிருந்து இறங்கச் சொல்லிப் பார்க்கிறோம், வலி குறையாவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டுகிறோம். திருத்தம் என்று பெயர் வைத்தால் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்தது போலாகும்.

ஆகவே ‘தாங்குநாடா’ என்று முன்வைக்கிறேன். வினை வேண்டுமென்றால் ‘ஒட்டு’ பக்கத்திலேயே இருக்கிறது: தாங்குநாடா ஒட்டினேன், ஒட்டிக்கொண்டு ஓடினாள். மெக்கானல் முறையில் வருவது விறைப்புத் தாங்குநாடா. ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970களில் உருவாக்கிய, இழுத்தால் நீளும் வண்ண நாடா, மீள் தாங்குநாடா. சொல்லில் ‘தாங்கு’ இருப்பதால், மற்ற வேலையைக் கால்தான் செய்ய வேண்டும் என்பதும் கேட்பவருக்குப் புரியும்.

அப்புறம், இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல், ‘எக்சென்ட்ரிக்’ பயிற்சி. தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீளுவது. எங்கோ ‘விசித்திரப் பயிற்சி’ என்று பெயர்த்திருந்ததைப் பார்த்து வருந்தினேன். ‘மையவிலகு’ கணக்குப் பாடத்துக்கு உரியது. ‘தாங்குநீட்சி’ என்று முதலில் யோசித்தேன், ஆனால் ‘நீட்சி’ என்றதும் பிள்ளைகள் காலை நீட்டி மடக்கும் வேறு பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். ‘தாங்கி இறக்கல்’ மூட்டை இறக்குபவருக்குச் சட்டென்று புரியும். குதித்து ஆடுபவர்களுக்குச் சில்லுக்குக் கீழே தசைநாண் வலிக்கும்போது, 25 பாகை சரிந்த பலகையில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக அமரச் சொல்கிறோமே, அதற்கும் பொருந்தும். ஆனால் ஓடுகிறவரின் பின்தொடைத் தசை, கால் முன்னால் வீசும்போது இதே வேலையைச் செய்கிறது. அங்கே இறங்குவது எதுவும் இல்லை.

பட்டம் விடுபவர் நூலைத் தளர்த்திக்கொண்டே பிடியை விடாமல் இருப்பாரே, அதை நாம் ‘விட்டுப் பிடித்தல்’ என்கிறோம். தசை செய்வதும் அதுதான். விடுவதும் பிடிப்பதும் இங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன, வழக்கில் ஒன்றன்பின் ஒன்றாக என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் சொற்களை மாற்றிப் போட்டுப் ‘பிடித்து விடல்’ என்றால் உருவிவிடுவது ஆகிவிடும். அதனால் ‘விட்டுப்பிடி பயிற்சி’ என்பதே இப்போதைக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த தாளில் இப்படி எழுதப் போகிறேன்: ‘தாங்குநாடா ஒட்டிக்கொண்டு, படியிலிருந்து மூன்று எண்ணும் வரை விட்டுப் பிடித்து மெதுவாக இறங்கவும்.’ உங்கள் வீட்டில் யாரிடமாவது இதைப் படிக்கக் கொடுத்து, என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் தெரிந்தால் நல்லது.